ஒரு சாண் தண்ணீர்

ஆபீஸை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். பின்னறை அலமாரியைக் காலி செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. பழைய மோட்டார்கள், ஒயர் சுருள்கள், உடைந்த சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பாலித்தீன் சுற்றிய ஒரு பொதி. இன்னதென்று யோசிக்காமல் பிரித்தேன். பழவேற்காட்டுச் சேறு மூக்கில் அடித்தது. காய்ந்து பொருக்குத் தட்டிய சேறுதான், ஆனாலும் உப்பும் அழுகலும் கலந்த அந்த வாடை அப்படியே இருந்தது. உள்ளே நாம் செய்த சின்னப் படகு. பக்கவாட்டில் நீ சுற்றி ஒட்டிய சிவப்பு இன்சுலேஷன் டேப். ஒரு முனை மட்டும் பிய்ந்து தொங்கியது. மற்றபடி நீ ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, என்ன செய்ய.

நீ போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. உனக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தெரியாமலேயே தண்ணீரில் இறங்கிவிட்டாய். உன் ஊரில் உன்னைப் பற்றி ஒரு பேச்சு இருக்கிறது, அது பொய் என்று நேற்று வரை தெரிந்திருந்த ஒரே ஆள் நான். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு சம்பளம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இனி முடியாது. முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து. நடுவில் நிறுத்தினால் பிறகு சொல்லமாட்டேன், என்னை உனக்குத் தெரியும்.

காலேஜின் முதல் வாரம், பொன்னேரி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது. என் புதுத் துணியில் பட்டுவிடுமே என்று நான் ஒதுங்கினேன். "பசியாவரம், ஏரி நடுவுல தீவு. படகுலேர்ந்து எறங்கி நடந்தாதான் கரை. நீ ஒதுங்குனா ஒதுங்கிக்க, தெனமும் இப்டித்தான் வருவேன்" என்றாய். எனக்குக் காட்டூர் என்றும், நெல் விவசாயம் என்றும், அப்பாவிடம் டிராக்டர் இருக்கிறது என்றும் சொன்னேன். அன்றே எனக்கு வண்டிக்காரி என்று பெயர் வைத்துவிட்டாய். நான் உனக்கு இறாலு என்று வைத்தேன். நாலு வருஷம் அந்த பஸ், பிறகு சென்னையில் ஒரே கம்பெனி, ஒரே அறை, அடுத்தடுத்த மேஜை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அந்தக் குறையே நீ வந்த பிறகு எனக்குத் தெரியவில்லை.

நம் வேலையை வெளியாளிடம் சொன்னால் சிரிப்பார்கள். இல்லாத வண்டிகளைக் கணினிக்குள் செய்து ஓட்டிப் பார்ப்பது. நிஜ ரோபாட்டை இரும்பில் செய்யும் முன் அதன் மாதிரியை சிமுலேஷனில் ஓடவிட்டு, எங்கே முட்டுகிறது, எங்கே கவிழ்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது. அதில் முதல் வேலை ஒரு புள்ளியை முடிவு செய்வது. வண்டியில் எந்த இடம் பூஜ்யம்? சக்கரம் எத்தனை தூரம், கேமரா எத்தனை உயரம், பாரம் எங்கே, எல்லாம் அந்த ஒரு புள்ளியிலிருந்துதான் எண்ணப்படும். புள்ளியைத் தப்பான இடத்தில் வைத்தாலும் வண்டி ஓடும். ஓடாமல் நின்றுவிட்டால் கண்டுபிடித்துவிடலாம். ஓடித் தொலைப்பதுதான் கொடுமை.

உன் முதல் வண்டி ஞாபகம் இருக்கிறதா? கிடங்கில் பெட்டி தூக்கும் தள்ளுவண்டி. நீ பூஜ்யத்தை அதன் மூக்கில் வைத்தாய். திருப்பச் சொன்னால் மூக்கு அசையாமல் நின்றது, பின்பக்கம் முழுதும் வீசிக்கொண்டு போய் அலமாரிகளை இடித்துத் தள்ளியது. ஆபீஸே கூடி நின்று சிரித்தது. "படகுன்னா அணியம்தானே மொதல்ல போவுது, அதான் முன்னால வெச்சேன்" என்றாய். நான் பெரிய மேதாவி மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கினேன். எங்கப்பா டிராக்டரை வரப்போரம் ஒடித்துத் திருப்பும்போது பின் சக்கரத்தைத்தான் பார்ப்பார். பின் அச்சுக்கு நேர் கீழே, தரையில், அங்கே வை பூஜ்யத்தை என்றேன். வைத்தாய். வண்டி சொன்ன பேச்சு கேட்டது.

அன்றிலிருந்து அந்த விஷயத்தில் நான் சொன்னதுதான் சட்டம். எந்த வண்டி வந்தாலும் தரையிலிருந்து ஆரம்பி என்பேன். கீழே தரை, அதற்கு மேலேதான் எல்லாம். நிலத்தில் பிறந்தவளுக்கு வேறு எப்படி யோசிக்க வரும்? நீ மட்டும் ஒவ்வொரு புது மாதிரி வரும்போதும் அந்த ஒரே கேள்வியைக் கேட்பாய்: "எங்கேர்ந்து அளக்கற? அத மொதல்ல சொல்லு." எனக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது என் காதில் வேறெதுவும் விழுவதில்லை.

பிறகு அந்தப் படகு. மணல் அடைத்துக் கிடந்த முகத்துவாரத்தை வெட்டித் திறந்திருந்தார்கள். கடல்நீர் உள்ளே வந்தது, இறாலும் வந்தது, ஊரே சந்தோஷமாக இருந்தது. ஆனால் நீரோட்டம் மாறிவிட்டது. ஏரியின் அடித்தரை இடம் மாறியது. போன வாரம் இடுப்பளவு இருந்த இடத்தில் இந்த வாரம் மடு. வலை போடுகிறவர்களுக்குப் பெரிய பாதகம் இல்லை, அவர்கள் படகில் இருக்கிறார்கள். இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன குடும்பம் வலை போடலாம் என்று அவர்களுக்குப் பாடு என்று ஒரு முறை உண்டு. உங்கள் வீட்டுக்கு அந்தப் பாடு கிடையாது. உன் நைனா போன பிறகு படகும் கிடையாது. உன் அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் தண்ணீருக்குள் நடந்தே போய், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. அப்படி ஒரு நாள் உன் அம்மா மடுவில் கால் வைத்து உள்ளே போய்விட்டார். பக்கத்தில் இருந்தவள் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

மறுநாள் ஆபீஸுக்கு வந்து நீ அழவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் சின்னப் படகு ஒன்றை வரைந்து என் மேஜையில் வைத்தாய். அடியில் ஆழம் பார்க்கும் சென்சார், மேலே, படகு எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி. தானாக ஓடி ஓடி ஏரி முழுக்க அளந்து வந்துவிடும். மேலாளர் நல்ல மனுஷன், கம்பெனி வேலை கெடாமல் மிச்ச சாமான்களை வைத்துச் செய்துகொள்ளுங்கள் என்றார்.

அளவை மீட்டரில் சொல்லப்போவதில்லை என்று நீ ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாய். பெண்கள் தண்ணீரை உடம்பால்தான் அளக்கிறார்கள். முழங்கால், தொடை, இடுப்பு, மார்பு, கழுத்து, அவ்வளவுதான் கணக்கு. யாருடைய கழுத்து என்று கேட்டேன், கேலியாகத்தான். நீ சிரிக்கவில்லை. "எங்கம்மா கழுத்து. அங்க கீறதுலயே அவங்கதான் குட்ட. அவங்களுக்குக் காலு நெலைக்கிற தண்ணி எல்லாருக்கும் நெலைக்கும்" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு வாசலில் உன் அம்மாவை நிறுத்தி டேப்பால் அளந்தோம். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை, ஜாக்கெட் தைக்கவா, சவப்பெட்டி செய்யவா என்று கேட்டார். பிறகு நீயும் அவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றீர்கள். மயிரிழை வித்தியாசம் இல்லை. கழுத்து இருவருக்கும் ஒன்றேகால் மீட்டரில் இருந்தது. நான்தான் எழுதிக்கொண்டேன்.

கணினி மாதிரியைச் செய்தது நான். பழக்கம் போலவே செய்தேன். பூஜ்யத்தைப் படகின் அடியில், சென்சார் முடியும் இடத்தில் வைத்தேன். சக்கரம் இருந்தால் தரை தொடும் இடம் அதுதானே. ஓடவிட்டேன். படகு எங்கே இருக்கிறது என்று கேட்டால், மைனஸ் இருபது, அதாவது இருபது சென்டிமீட்டர் ஆழத்தில் என்று பதில் வந்தது. சரியான பதில்தான். படகு என்றால் கொஞ்சம் முழுகித்தான் மிதக்கும், அதன் அடிப்பக்கம் தண்ணீருக்குள்தான் இருக்கும். ஆனால் எனக்கு அந்த மைனஸ் பிடிக்கவில்லை. அதைப் போக்க என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும். படகின் புள்ளியை நகர்த்துவதற்குப் பதிலாக, கணினிக்குள் இருந்த ஏரியின் நீர்மட்டத்தை இருபது சென்டிமீட்டர் உயர்த்தினேன். பூஜ்யம் வந்துவிட்டது. ஏரியின் அடித்தரைக்கு நாம் கொடுத்திருந்த ஆழமும் சென்சார் சொன்ன ஆழமும் கச்சிதமாகப் பொருந்தின. பொருந்தாமல் என்ன செய்யும், இரண்டையும் நானேதானே ஒரே புள்ளியிலிருந்து எண்ணியிருக்கிறேன்.

நீ ஃபைலைத் திறந்து பார்த்தாய். அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாய்.

"இன்னாடி இது? படகுக்கோசரம் ஏரியத் தூக்குவியா?"

சிமுலேஷன்தானே, தூக்கினால் என்ன என்றேன். நீ எழுந்து போய் பாத்ரூமிலிருந்து பெரிய பிளாஸ்டிக் டப்பை இழுத்து வந்து, தண்ணீர் ரொப்பி, நிஜப் படகை அதில் வைத்தாய். ஆடி அடங்கியதும் தண்ணீர் தொட்ட இடத்தில் பேனாவால் ஒரு கோடு. வெளியே எடுத்துத் துடைத்து, கோட்டின் மேல் சிவப்பு டேப்பைச் சுற்றினாய். டேப்புக்கும் சென்சாரின் நுனிக்கும் நடுவில் உன் கையை விரித்து வைத்துக் காட்டினாய். கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை. ஒரு சாண்.

"எங்கம்மா தண்ணிக்கு அடியிலேர்ந்தா நடக்கறாங்க? தண்ணிக்கு மேலேர்ந்துதான் எறங்கறாங்க. இங்கேர்ந்து அள" என்று டேப்பைத் தட்டினாய்.

நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் தரையிலிருந்து ஆரம்பி என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் நான். என் புள்ளி தப்பு என்று நீ, மூக்கில் பூஜ்யம் வைத்த நீ, எல்லோர் முன்னாலும் டப்பில் தண்ணீர் பிடித்து நிரூபிக்கிறாய். எனக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது. புள்ளியை மாற்றினால் மோட்டார், சென்சார், எடை எல்லாவற்றையும் மறுபடி எண்ண வேண்டும், இரண்டு நாள் வேலை என்றேன். மாதிரியை அப்படியே விட்டுவிடலாம், ஏரியில் அளந்து வரும் எண்களோடு கடைசியில் ஒரு சாணைக் கூட்டிக்கொண்டால் போதும், நானே கூட்டிவிடுகிறேன் என்றேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "மறந்துடாதடீ" என்று மட்டும் சொன்னாய்.

படகை ஏரியில் விட்ட நாளைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அது நல்ல நாள். உன் ஊர்ப் பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். வெயிலில் அது மட்டும் தனியாகப் போய்ப் போய்த் திரும்பியது. நீ முட்டியளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, பெற்ற பிள்ளை நடப்பதைப் பார்ப்பவள் போலச் சிரித்தாய். உன் அம்மா, மிஷினுக்குக் கால் இருக்கிறதா, சேறு எத்தனை இழுக்கும் என்று அதற்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, ஆழம் மட்டும்தான் தெரியும் என்றாய். "அப்ப அர வேலைதான் செய்யுது" என்றார் அவர்.

அடுத்த சனிக்கிழமை நான் காட்டூரில் இருந்தேன். பெரியப்பா பேத்திக்கு மறுநாள் காது குத்து. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சாயங்காலம் என் இரண்டு கையிலும் மருதாணி இட்டு உட்கார வைத்திருந்தார்கள். உன் போன் வந்தது. பெரியம்மா எடுத்து என் காதோரம் பிடித்தாள்.

பெண்கள் மிஷினை நம்பவில்லை என்றாய். நாலு பேர் நம்பினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள், அதனால் நாளைக் காலையில் நீயே அவர்களோடு இறங்கி, ஒவ்வொரு இடமாக நின்று காட்டப்போகிறாய். காலையில் படகு அளந்த ஆழங்களின் லிஸ்ட்டைத் திறந்து பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு இறங்குவதாகச் சொன்னாய். பிறகு கேட்டாய்.

"அந்த ஒரு சாண் போட்டுட்டியா?"

நான் போடவில்லை. சுத்தமாக மறந்துபோயிருந்தேன். நீ கேட்ட பிறகுதான் ஞாபகமே வந்தது. இல்லையென்று சொன்னால், இப்பவே போடு என்பாய். கையில் மருதாணி ஈரம். அதைவிட, அன்றைக்கு டப்புக்குப் பக்கத்தில் நின்று நீ பார்த்த பார்வை. மறுபடியும் அதை வாங்க எனக்கு மனசில்லை. காலையில்தானே எழுதிக்கொள்ளப் போகிறாய், மருதாணி காய்ந்ததும் போட்டுவிடலாம்.

"ஆங், போட்டாச்சுடீ" என்றேன்.

இதுதான். உனக்குத் தெரியாத விஷயம் இதுதான்.

மருதாணி காய்ந்தது. சாப்பிட்டோம். சின்னப் பெண்களோடு தாயக்கட்டை உருட்டினேன். படுத்தேன், தூங்கிவிட்டேன். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, குழந்தை அழ அழச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது உன் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தாள்.

நடந்ததை நான் பார்க்கவில்லை, கூட இருந்த பெண்கள் சொல்லித்தான் தெரியும். முழங்கால் என்று எழுதியிருந்த இடத்தில் தண்ணீர் தொடையில் இருந்ததாம். இடுப்பு என்று எழுதியிருந்த இடத்தில் மார்புக்குக் கீழே. உன் அம்மா, காகிதம் பொய் சொல்கிறது, மேலே வா என்றாராம். நீ கேட்கவில்லையாம். "ஏத்தத் தண்ணிம்மா, அதான் தூக்கலா கீது. வத்தம் ஆரம்பிச்சா காகிதத்துல கீற மாதிரியே எறங்கிடும்" என்றாயாம். கொஞ்ச நேரம் காத்திருந்தாயாம். தண்ணீர் கடல் பக்கம் திரும்ப ஆரம்பித்ததும் கடைசி இடத்துக்கு நடந்தாயாம். அங்கே கழுத்து என்று எழுதியிருந்தது. அவர்களைப் போலவே பறிக்கயிற்றைப் பல்லில் கடித்திருந்தாயாம், கூப்பிடக்கூட இல்லையாம். தண்ணீர் தலையை மூடியது, சேறு முட்டிவரை இழுத்தது, வற்றம் முகத்துவாரத்தை நோக்கி உன்னைத் தள்ளியது. கொஞ்சம் தள்ளித்தான் கண்டெடுத்தார்களாம்.

நீ முட்டாள் இல்லை. ஒரு சாண் வித்தியாசம் வந்ததை நீ முதல் இடத்திலேயே கவனித்தாய். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு சாண் எங்கிருந்து வந்தது என்று உனக்கு அந்த நொடியே புரிந்திருக்கும். நான் போட்டாச்சு என்று சொன்னதால் அது கடல் ஏற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாய். என்னைச் சந்தேகப்பட உனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பதில் ஏரியைச் சந்தேகப்பட்டாய்.

பட்டுப் புடவையை மாற்றக்கூட நேரமில்லாமல், படகேறி வந்தேன். உன்னை வாசலில் கிடத்தியிருந்தார்கள். உன் கால் விரலிடுக்கில் சேறு இருந்தது. என் கை சிவந்திருந்தது, நன்றாகப் பிடித்த மருதாணி. அதை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் ஒருவர் சொன்னார், ஏரியில் பிறந்து வளர்ந்தும் தண்ணீர் தெரியாமல் போய்விட்டதே இவளுக்கு என்று. இன்னொருவர், பட்டணத்துப் படிப்பு படித்தால் அப்படித்தான் என்றார். நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கும் பசியாவரத்தில், பெண் பிள்ளையை மேலே படிக்க அனுப்பவா என்று யாராவது கேட்டால் உன்னைத்தான் உதாரணம் காட்டுகிறார்களாம்.

காவல் நிலையத்தில் கால் இடறி மூழ்கியதாக எழுதிக்கொண்டார்கள். மேலாளர், யார் மேலும் தப்பில்லை, இந்த வேலையை இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லிப் படகைச் சுற்றி உள்ளே வைத்தார். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதுவும் பொய்தான்.

போன திங்கட்கிழமை அந்தப் பொதியைப் பிரித்த பிறகு, என் மேஜைக்குப் போய் நம் பழைய ஃபைலைத் திறந்தேன். பதினைந்து மாதமாகத் தொடாத ஃபைல். ஏரி இன்னும் இருபது சென்டிமீட்டர் உயர்ந்தே நின்றது. அதைக் கீழே இறக்கினேன். படகின் பூஜ்யத்தை நீ டேப் ஒட்டிய மட்டத்துக்கு மாற்றினேன். மோட்டார், சென்சார், எடை எல்லாவற்றையும் அங்கிருந்து எண்ணினேன். ஓடவிட்டேன். சரியாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் வேலை என்று உன்னிடம் சொன்னேனே, பதினொரு நிமிஷம் ஆகியிருந்தது. புறங்கையைக் கடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்து மேஜைப் பெண் என்ன நினைத்தாளோ.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். படகைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன். உன் அம்மா வாசலில் உட்கார்ந்து பறியின் பிய்ந்த ஓலையைக் கட்டிக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். இன்னும் இறங்குகிறார், ஆனால் கரையோரம் மட்டும்தானாம். என்னைப் பார்த்ததும் வாம்மா என்று பாய் போட்டார். டீ வைக்க எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டுப் படகை வெளியே எடுத்தேன். "இது அவ படகுதானே" என்று கையை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அளவு தப்பானதைச் சொன்னேன். பூஜ்யம், புள்ளி என்றெல்லாம் சொல்லவில்லை. தண்ணீருக்கு மேலிருந்து அளக்கச் சொன்னாள், நான் கீழேயிருந்து அளந்தேன், அதனால் எல்லா இடத்திலும் தண்ணீர் எழுதியதைவிட அதிகம் என்றேன். அவர் ஓலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எவ்ளோ அதிகம்?"

ஒரு சாண் என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு கட்டை விரலைத் தன் தாடைக்கடியில் வைத்து, விரல்களை முகத்தின் மேல் மெல்ல விரித்தார். வாய், மூக்கு, கண். விரல் நெற்றிக்கு மேலே மயிரில் போய் நின்றது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். உன் உயரம்தான் அவரும். இறந்த பிறகும் உன்னை அளக்க வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

"இது அவளுக்குத் தெரியுமா?" என்றார் கையை எடுக்காமலே.

தெரியும், அவள் முந்தின நாள் கேட்டாள், போட்டாச்சு என்று நான்தான் பொய் சொன்னேன் என்றேன். சொல்லிவிட்டேன். பதினைந்து மாதம் நான் பயந்த நொடி அது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. என்னைப் பார்க்காமல், மடியிலிருந்த படகைப் பார்த்துச் சொன்னார்.

"ஏத்தம் இல்லடீ, ஏத்தம் இல்லடீன்னு அன்னிக்குத் தொண்ட கிழியக் கத்துனேன். பெத்தவ பேச்ச வுட்டுட்டுக் காகிதத்தக் கேட்டாளேன்னு தெனமும் அவளத்தாம்மா திட்டிக்கினு கீறேன். செத்த புள்ளைய. படையல் வெச்சாகூடத் திட்டிக்கினேதான் வெக்கறேன்."

அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அவ காகிதத்தக் கேக்கல. ஒன்னக் கேட்டுக்கீறா" என்றார். பிறகு, "நீ போ. கடசிப் படகு போயிடும்."

வாசலைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். பிய்ந்து தொங்கிய டேப்பின் முனையைக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஒட்ட வைத்துக்கொண்டிருந்தார். அது ஒட்டவில்லை. பசை காய்ந்துபோயிருக்கிறது.

கரைக்குத் திரும்பும் படகில் ஏறி உட்கார்ந்தேன். உன் ஊர்ப் பேச்சை இனி உன் அம்மா மாற்றுவாரோ என்னவோ. மாற்றினாலும் உனக்கென்ன. அவருக்குக் கிடைத்தது உன் மேல் கோபப்பட முடியாத துக்கம், அவ்வளவுதான். அதையும் இத்தனை காலம் பிடித்து வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தேன். எனக்கு மன்னிப்பு என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை. கேட்கவும் போவதில்லை.

இன்று காலை புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒரு வண்டியின் மாதிரியோடு என்னிடம் வந்தாள். பூஜ்யத்தை எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள். முன்பெல்லாம் வாயிலேயே நிற்கும் பதில். இன்று, எங்கிருந்து அளக்கப் போகிறாய் என்று அவளைக் கேட்டேன். உன் குரலில் கேட்ட மாதிரி இருந்தது. மேஜைக்கு அடியில் என் கை தானாக விரிந்திருந்தது, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல் வரை. இப்போதெல்லாம் அடிக்கடி அப்படி விரிந்துகொள்கிறது. பஸ்ஸில், தூக்கத்தில், சோற்றுத் தட்டின் மேல். இதை மடக்கி வைக்க எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நீ ஒன்று கேட்டாய். அதற்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.

இல்லடீ. போடல.